சர்வருக்கு முன்கூட்டியே ஒரு சீட்டு!

சர்வர்னு சொன்னதும் தோள்ல துண்டோட வந்து "என்ன சார் சாப்பிடறீங்க?"னு கேட்கிற அண்ணனை நினைச்சுடாதீங்க. இது ஏ.சி. ரூம்ல உர்ருனு சத்தம் போட்டுக்கிட்டு இருக்கிற பெட்டி. ஆனா இந்த வார மேட்டருக்கு அந்த அண்ணனும் தேவைப்படறார். கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்க.

உங்க லேப்டாப்புல ஒரு தடவையாவது நீங்களே ஓ.எஸ். ஏத்தியிருப்பீங்க. பென் டிரைவைச் சொருகினதும் ஆரம்பிக்கும் பாருங்க விசாரணை. என்ன மொழி? எந்த கீபோர்டு? எந்த ஊர் நேரம்? எந்த டிஸ்க்? அதை எத்தனையா பிரிக்கணும்? பாஸ்வேர்டு என்ன? ஒவ்வொண்ணுக்கும் 'நெக்ஸ்ட்' அமுக்கணும். நடுவுல ஒரு கோடு மெதுவா நகர்றதை வேடிக்கை பாக்கணும். சரி, ஒரு டீ அடிச்சுட்டு வரலாம்னு போனா, திரும்பி வர்றப்போ அது புதுசா ஒரு கேள்வியைக் கேட்டுட்டு தேமேனு நிக்கும். ஹோட்டல் அண்ணன் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உள்ள போய் வந்து கேட்கிற மாதிரி. "தோசையா? சாதாவா, ரோஸ்ட்டா? சாம்பார் ஊத்தவா, கிண்ணத்துலயா?" ஒரு டேபிளுக்கு ஓ.கே. கல்யாணப் பந்தியில நானூறு பேர்கிட்ட இப்படிக் கேட்டா, மாப்பிள்ளை பொண்ணு ஹனிமூனே போயிட்டு வந்துடுவாங்க.

அதனாலதான் பந்தியில யாரும் கேட்கிறதில்லை. என்ன வைக்கணும், எந்த வரிசையில வைக்கணும்னு முதல் நாளே சமையல்காரர்கிட்ட லிஸ்ட் போயிடுது. சர்வர்கள்லயும் அதே கதைதான். எல்லா கேள்விக்கும் பதிலை ஒரு ஃபைல்ல முன்கூட்டியே எழுதி வெச்சுடறது. பெட்டி பவர் ஆன் ஆகும், அந்த சீட்டைத் தேடி எடுக்கும், தானே படிக்கும், தானே ஓ.எஸ்.ஸை ஏத்திக்கும். பக்கத்துல ஒரு மனுஷனும் தேவையில்லை. இதுக்குப் பேரு அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்.

"நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்?"னு கேட்கிறவங்க, துவாக்குடி பக்கம் ஒரு பார்வை பாருங்க. அங்க நம்ம என்.ஐ.டி.யில 2022 மே 25-ம் தேதி 'பரம் பொருள்'னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துல, சி-டாக் அமைச்சுக் கொடுத்தது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, ஒரு வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு! சூப்பர் கம்ப்யூட்டர்னா சினிமாவுல வர்ற மாதிரி ஒரே ராட்சசப் பெட்டினு நினைச்சா அது தப்பு. வேகமான நெட்வொர்க்கால கோத்துக் கட்டின சர்வர்களோட கூட்டம்தான் அது. அந்தக் கூட்டத்துல எல்லாருக்கும் ஒரே ஓ.எஸ்., ஒரே வெர்ஷன், ஒரே லைப்ரரி இருக்கணும். ஒண்ணே ஒண்ணு மாறினாலும், அந்த ஒண்ணுல போய் விழுற புரோகிராம் மட்டும் காரணமே இல்லாம படுத்துக்கும். இத்தனை பெட்டிக்கும் ஒருத்தர் பென் டிரைவோட நடந்து கையால ஏத்தறது, மலைக்கோட்டை உச்சிக்கு நானூத்திச் சொச்சம் படி ஏறி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு செங்கல்லை வெச்சுட்டு வர்ற கதைதான். அதுக்காகவே இந்த மாதிரி கூட்டங்களுக்கு எக்ஸ்கேட், வேர்வுல்ஃப்னு தனி மென்பொருள்களே இருக்கு.

சரி, நூறு பெட்டி இருக்கிறவங்களுக்கு இது வேணும். ஒரே ஒரு பெட்டி இருக்கிறவங்களுக்கு?

என்னைக் கேட்டா அவங்களுக்குத்தான் ரொம்ப வேணும். தில்லை நகர் மெயின் ரோட்டுல நின்னு கிராஸ் கிராஸா பாருங்க. ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், லேப், கோச்சிங் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ். இந்த மாதிரி இடங்கள்ல எங்கயாவது ஒரு மூலையில, மாடிப்படிக்குக் கீழயோ, ஸ்டோர் ரூம்லயோ ஒரு சர்வர் ஓடும். பேஷன்ட் ரிப்போர்ட்டும் ஃபீஸ் கணக்கும் அதுலதான். ஒரு ராத்திரி அது படுத்துட்டா? டேட்டாவுக்கு பேக்கப் இருக்குனே வெச்சுப்போம். ஆனா, அந்த டேட்டாவைத் திருப்பி வைக்க முதல்ல ஒரு பெட்டி உயிரோட வேணும். அதுல என்ன ஓ.எஸ்., டிஸ்க்கை எப்படி பிரிச்சிருந்தாங்க, எந்த பேக்கேஜ் போட்டிருந்தாங்க, ஃபயர்வால்ல எதைத் திறந்து விட்டிருந்தாங்க... இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மூணு வருஷம் முன்னாடி அதை செட் பண்ணின ஒரு அண்ணனுக்குத் தெரியும். அவர் இப்போ பெங்களூருல இருப்பார். போனை எடுத்தாலும், "அது வந்து தம்பி... ஏதோ ஒண்ணு மாத்தினேன், ஞாபகம் இல்லையே"ம்பார். வரவேற்புல காத்துக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட "சிஸ்டம் டவுன் சார்"னு சொல்றாங்களே, அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி பல நேரம் இந்த அண்ணனோட ஞாபக மறதிதான் இருக்கு. அவர் அன்னிக்கே அந்த பதில்களை ஒரு ஃபைலா எழுதி வெச்சிருந்தா, யார் வேணும்னாலும் புதுப் பெட்டியில அதைக் கொடுத்து அரைமணியில எழுப்பிடலாம்.

இதுக்கெல்லாம் பெரிய கம்பெனியில பெரிய மூளைங்கதான் வழி கண்டுபிடிச்சிருப்பாங்கனு நினைக்காதீங்க. ஜெர்மனியில கொலோன் பல்கலைக்கழகத்துல தாமஸ் லாங்கேனு ஒருத்தர். 1999-ல் அவர் கையில ஒரு லினக்ஸ் க்ளஸ்டர் வந்தது. ஒரு தலைமைப் பெட்டி, 16 சிஷ்யப் பெட்டிகள். பதினாறுதான்! நாமளா இருந்தா ரெண்டு ஜூனியரைக் கூப்பிட்டு பரோட்டா வாங்கிக் கொடுத்து முடிச்சிருப்போம். அவர் ஏற்கெனவே சன் கம்பெனியோட சோலாரிஸ் பெட்டிகள்ல 'ஜம்ப்ஸ்டார்ட்'ங்கிற தானியங்கி முறையைப் பாத்துப் பழகினவர். டெபியனுக்கும் அதே மாதிரி ஒண்ணு ஏன் இருக்கக் கூடாதுனு உக்காந்து எழுதினதுதான் 'ஃபாய்'. இருபத்தஞ்சு வருஷம் தாண்டியும் ஓடிக்கிட்டு இருக்கு. திட்டத்தை நீங்க போடுங்க, நிறுவறதை நான் பாத்துக்கறேங்கிறதுதான் அதோட கொள்கை. உண்மையான சோம்பேறிங்க கடுமையா உழைப்பாங்க பாஸ்.

இப்போ உள்ள என்ன நடக்குதுனு பாப்போம். டிஸ்க்குல ஒண்ணுமே இல்லாத பெட்டிக்கு எப்படி உயிர் வருது? நெட்வொர்க் கார்டுக்குள்ளயே ஒரு குட்டி அறிவு இருக்கு. அதுக்குப் பேரு பி.எக்ஸ்.இ., 'பிக்ஸி'னு கூப்பிடுவாங்க. இன்டெல் 1999-ல் வெளியிட்ட விதிமுறைதான் இன்னிக்கு வரைக்கும் அடிப்படை. பவர் ஆன் ஆனதும் இந்தக் குட்டி, ஊருக்குப் புதுசா வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கின பையன் மாதிரி, நெட்வொர்க் முழுக்க கேட்கும்படி ஒரு சத்தம் போடும். "யாராவது இருக்கீங்களா? எனக்கு ஒரு அட்ரஸ் வேணும், எங்க போகணும்னும் தெரியணும்!" டி.ஹெச்.சி.பி. சர்வர் பதில் சொல்லும்: "இந்தா உனக்கு ஐ.பி. இன்ன பெட்டிக்குப் போ, இன்ன ஃபைலைக் கேள்." குட்டி அங்க போய் டி.எஃப்.டி.பி. வழியா பூட்லோடரை வாங்கும். அது கெர்னலையும், கூடவே ஒரு தற்காலிக ஃபைல் சிஸ்டத்தையும் இறக்கும். அந்த கெர்னலோட காதுல 'உன் சீட்டு இந்த முகவரியில இருக்கு'னு ஒரு வரி ஓதப்பட்டிருக்கும். அவ்வளவுதான், இன்ஸ்டாலர் அந்த சீட்டை எடுத்து வெச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிச்சுடும்.

இதுல டி.எஃப்.டி.பி. இருக்கே, அது நம்ம அப்பா அம்மா வயசு. 1981-லயே வரையறுக்கப்பட்டது. பழைய விதிப்படி 512 பைட் அனுப்பும், 'வந்துடுச்சு'னு பதில் வந்தாத்தான் அடுத்த 512. பாஸ்வேர்டெல்லாம் கேட்காது, யார் கேட்டாலும் கொடுக்கும். அதனால பெரிய இடங்கள்ல முதல் துண்டை மட்டும் இதுல இறக்கிட்டு மிச்சத்தை ஹெச்.டி.டி.பி.யில வாங்கறாங்க. புது யு.இ.எஃப்.ஐ. பெட்டிகள் நேராவே ஹெச்.டி.டி.பி. வழியா பூட் ஆகும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுனு சொன்னேன்ல? அங்க சத்தம் போட்டா ஒரு ஆட்டோ அண்ணன் மட்டுமா வருவார்? இங்கயும் அதே ஆபத்து. ஒரே நெட்வொர்க்குல ரெண்டு டி.ஹெச்.சி.பி. சர்வர் இருந்தா, யார் முதல்ல பதில் சொல்றாங்களோ அவங்க பின்னாடி பெட்டி போயிடும். ஹாஸ்டல் லேன்ல விளையாட்டா ஒரு டி.ஹெச்.சி.பி. சர்வரை ஓட விட்டா, பக்கத்து ரூம் பசங்களோட நெட்டும் சேர்ந்து காலி.

சீட்டு எப்படி இருக்கும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாஷை. ரெட்ஹேட், ராக்கி, அல்மா குடும்பத்துல 'கிக்ஸ்டார்ட்'. டெபியன்ல 'ப்ரிசீட்'. சூசேவுல 'ஆட்டோயாஸ்ட்'. உபுண்டு சர்வர்ல 2020-ல் வந்த 20.04-லேர்ந்து 'ஆட்டோஇன்ஸ்டால்', அதை யாமல் பாஷையில எழுதணும். விண்டோஸுக்கு ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல். எதையும் காலி பேப்பர்லேர்ந்து எழுத வேண்டாம். ஒரு ரகசியம் சொல்றேன். ராக்கியோ அல்மாவோ ஒரு தடவை கையால இன்ஸ்டால் பண்ணிட்டு, ரூட் யூஸரோட ஃபோல்டரைத் திறந்து பாருங்க. 'அனகோண்டா'னு ஆரம்பிக்கிற ஒரு ஃபைல் இருக்கும். அனகோண்டாங்கிறது அந்த இன்ஸ்டாலரோட பேரு. நீங்க மவுஸால சொன்ன பதில்களை எல்லாம் அது கிக்ஸ்டார்ட்டா எழுதி வெச்சிருக்கும். அதாவது, சீட்டை நீங்க ஏற்கெனவே எழுதிட்டீங்க, உங்களுக்குத்தான் தெரியாது. உபுண்டுவும் இதே மாதிரி லாக் ஃபோல்டர்ல ஒரு காப்பி வெச்சிருக்கும்.

இதுவரைக்கும் எல்லாம் ஜாலி. இனிமேதான் வில்லன் என்ட்ரி.

பக்கத்துல மனுஷன் இருந்தா, 'எல்லா டேட்டாவும் அழிஞ்சுடும், பரவாயில்லையா?'னு திரையில வர்றப்போ கை ஒரு நொடி நிக்கும். "இரு, இது எந்த டிஸ்க்?"னு மூளை கேட்கும். சீட்டுக்கு அந்த நடுக்கம் கிடையாது. கிக்ஸ்டார்ட்ல 'க்ளியர்பார்ட்'னு ஒரு கட்டளை. அதுகூட 'ஆல்'னு போட்டா, அந்தப் பெட்டியோட கண்ணுக்குத் தெரியற அத்தனை டிஸ்க்கும் சுத்தம். ஓ.எஸ். டிஸ்க் மட்டுமில்லை, பக்கத்துல இருக்கிற டேட்டா டிஸ்க், நெட்வொர்க் வழியா மாட்டியிருக்கிற பெரிய ஸ்டோரேஜ், எல்லாம். 'அப்படின்னா முதல் டிஸ்க்கை மட்டும் அழினு எழுதிடலாமே?' எழுதலாம். ஆனா எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி.ங்கிற பேருங்க நிரந்தரம் இல்லை. இன்னிக்கு ஏ-வா இருந்தது, ஒரு பென் டிரைவ் சொருகியிருந்த ஒரே காரணத்துக்காக நாளைக்கு பி ஆகலாம். சீரியல் நம்பரோட வர்ற நிரந்தரப் பேரைப் போட்டு, 'இதைத் தவிர எதையும் தொடாதே'னு எழுதறதுதான் சரி.

இன்னொரு காமெடியும் உண்டு. பூட் வரிசையில நெட்வொர்க்கை முதல்ல வெச்சுட்டீங்கன்னு வைங்க. பெட்டி சமத்தா இன்ஸ்டால் ஆகும், ரீபூட் ஆகும், திரும்ப நெட்வொர்க்குக்குப் போகும், சீட்டைப் படிக்கும், திரும்ப இன்ஸ்டால் ஆகும். விடிய விடிய இதே வேலை. புது சர்வர்னா சிரிச்சுட்டு சரி பண்ணலாம். ஆறு மாசமா ஓடிக்கிட்டிருந்த சர்வர் ஒரு கரன்ட் கட்டுக்கு அப்புறம் எழுந்து, நெட்வொர்க்குல போய் அந்த சீட்டை எடுத்துப் படிச்சா? சிரிப்பு வராது. அதனால பூட் சர்வரோட வழக்கமான பதில், 'உன் டிஸ்க்குலேர்ந்தே எழுந்துக்கோ'னு இருக்கணும். யாரை அழிக்கலாமோ அந்தப் பெட்டியோட மேக் அட்ரஸுக்கு மட்டும், ஒரே ஒரு தடவைக்கு மட்டும், இன்ஸ்டால் சீட்டைக் கொடுக்கணும். 'காப்ளர்'ங்கிற மென்பொருள்ல இதுக்குனே ஒரு செட்டிங் இருக்கு.

'பெரிய இடத்துல எல்லாம் இப்படி நடக்காது'ங்கறீங்களா? 2014 மே மாசம், அமெரிக்காவோட அட்லாண்டாவுல இருக்கிற எமரி பல்கலைக்கழகம். விண்டோஸ் 7-ஐ ஏத்தறதுக்கான ஒரு தானியங்கி வேலை, தவறுதலா அங்க நிர்வகிக்கப்பட்ட எல்லா விண்டோஸ் பெட்டிகளுக்கும் அனுப்பப்பட்டது. லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர்னு பாரபட்சமே இல்லை. அந்த வேலையோட முதல் படியே டிஸ்க்கைப் பிரிச்சு ஃபார்மேட் பண்றது. விஷயம் தெரிஞ்சு பதறிப்போய், கட்டளை அனுப்பின சர்வரை ஆஃப் பண்ணப் போனாங்க. அதுக்குள்ள அந்த சர்வரே தன்னைத்தானே ஃபார்மேட் பண்ணி முடிச்சிருந்தது! பஸ்மாசுரன் தன் தலையிலயே கையை வெச்ச கதைதான். கவனிச்சீங்களா, அந்த சீட்டுல எழுத்துப்பிழை எதுவும் இல்லை. எழுதினபடியே வேலை நடந்தது. யார் யாருக்குப் போகணும்ங்கிற ஒரு பதில்தான் தப்பு.

இந்த விஷயத்துல உபுண்டுக்காரங்க செஞ்சது எனக்குப் பிடிச்சிருக்கு. கெர்னல் வரியில 'ஆட்டோஇன்ஸ்டால்'ங்கிற வார்த்தையை நீங்க வேணும்னே சேர்த்திருந்தாத்தான் அது கேட்காம அழிக்கும். வெறுமனே சீட்டு மட்டும் கிடைச்சா, டிஸ்க்கைத் தொடறதுக்கு முன்னாடி 'தொடரவா?'னு ஒரு தடவை நின்னு கேட்கும். மறந்துபோய் சொருகி விட்ட ஒரு பென் டிரைவ் யாரோட வேலையையும் அழிச்சுடக் கூடாதுங்கிற முன்யோசனை.

"இவ்வளவு ரிஸ்க் எதுக்கு? எங்க காலேஜ் லேப்ல கோஸ்ட் போடறாங்க, அரைமணியில நாப்பது சிஸ்டம் ரெடி"னு சொல்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு. கோஸ்ட், அதாவது ஒரு பெட்டியை அப்படியே ஜெராக்ஸ் எடுக்கிறது. ஒரே மாடல் கம்ப்யூட்டர் வரிசையா இருக்கிற லேபுக்கு வேகமான வழிதான், மறுக்கலை. தமிழக அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புகளை யாரும் ஒவ்வொண்ணா 'நெக்ஸ்ட்' அமுக்கித் தயார் பண்ணியிருக்க முடியாது. ஆனா சர்வருக்கு ஜெராக்ஸ் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரிஜினல்ல இருக்கிற அடையாளமும் சேர்ந்து காப்பி ஆகிடும். எஸ்.எஸ்.ஹெச். சாவி எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கும், ஒண்ணுல திருடினா எல்லாத்தோட வேஷமும் போடலாம். மெஷின் ஐ.டி. ஒண்ணா இருந்தா, ரெண்டு லினக்ஸ் பெட்டி ஒரே ஐ.பி.யை வாங்கிக்கிட்டு அடிச்சுக்கிறதும் நடக்கும். விண்டோஸ்ல 'சிஸ்ப்ரெப்' ஓட்டி அடையாளத்தைக் கழட்டிட்டுத்தான் காப்பி எடுக்கணும்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. எல்லாத்துக்கும் மேல, இமேஜுங்கிறது பல ஜி.பி. இருக்கிற மூடின டப்பா. உள்ள என்ன இருக்கு, யார் எப்போ மாத்தினாங்கனு திறந்து படிக்க முடியாது. சீட்டு ரெண்டு பக்கம்தான். படிக்கலாம், கிட்ல போட்டு வைக்கலாம், போன மாசம் எந்த வரி மாறிச்சுனு கேட்டா சொல்லும்.

இது எப்போ கைகொடுக்கும்னா, ஊரே வீடு மாத்தறப்போ. சென்ட்.ஓ.எஸ். 7-க்கு 2024 ஜூன் 30-ம் தேதியோட ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. சீட்டு வெச்சிருந்தவங்க நாலு வரியை மாத்தி, ஒரு டம்மி பெட்டியில ஓட்டிப் பாத்துட்டு, மிச்சத்தை வரிசையா எழுப்பலாம். இல்லாதவங்க மறுபடியும் அந்த பெங்களூரு அண்ணனுக்குத்தான் போன் போடணும்.

நம்ம ஓ.எஸ். பேப்பர்ல செமஃபோர் இருக்கு, பேஜிங் இருக்கு, டெட்லாக் இருக்கு. இது இல்லை. ஆனா கத்துக்க ஒரு லேப்டாப் போதும். வர்ச்சுவல் பாக்ஸ்ல ரெண்டு பெட்டி செய்யுங்க. முதல் பெட்டிக்கு ரெண்டு நெட்வொர்க் கார்டு. ஒண்ணு வெளி நெட்டுக்கு, இன்னொண்ணு 'இன்டர்னல் நெட்வொர்க்'குக்கு. அதுல 'டி.என்.எஸ்.மாஸ்க்' போட்டா டி.ஹெச்.சி.பி.யும் டி.எஃப்.டி.பி.யும் ஒரே மென்பொருள்ல முடிஞ்சுடும். அது இன்டர்னல் பக்கம் மட்டும் பதில் சொல்லும்படி கட்டிப் போடுங்க, ஆட்டோ ஸ்டாண்ட் தகராறு வேண்டாம். ரெண்டாவது பெட்டிக்கு இன்டர்னல் கார்டு மட்டும், ஒரே ஒரு காலி டிஸ்க், நெட்வொர்க் பூட். ராக்கி, அல்மானா நெட்வொர்க் வழியா ஏத்த அதுக்கு 3 ஜி.பி. ராமாவது கொடுக்கணும். உங்க லேப்டாப்பே 8 ஜி.பி.தான்னா டெபியன் எடுங்க, கொஞ்சத்துல சமாளிக்கும். நெட்பூட் ஃபைல்களும் மாதிரி ப்ரிசீட்டும் டெபியன் தளத்துலயே கிடைக்கும். பேக்கேஜ்களை முதல் பெட்டி வழியா வாங்கிக் கொடுக்க 'ஆப்ட் கேஷர்' போட்டுக்கோங்க, ரெண்டாம் தடவைலேர்ந்து உங்க டேட்டா பேக்கும் மிச்சம். பாஸ்வேர்டை மட்டும் சீட்டுல அப்படியே எழுதாதீங்க, ஹாஷ் பண்ணிப் போடுங்க. அந்த ஃபைலை நெட்வொர்க்குல இருக்கிற எவனும் எடுத்துப் படிக்கலாம்.

முதல் ஓட்டத்துக்கு மொழி, நேரம், யூஸர், பேக்கேஜ் எல்லாத்துக்கும் பதில் எழுதுங்க. டிஸ்க் கேள்வியை மட்டும் காலியா விடுங்க. இன்ஸ்டாலர் மத்ததை எல்லாம் தானே தாண்டி வந்து, அந்த ஒரு இடத்துல நின்னு உங்களைக் கேட்கும். எந்த டிஸ்க்கைக் காட்டுது, என்ன பேர்ல காட்டுதுனு நிதானமா பாத்துக் குறிச்சுக்கோங்க. அப்புறம் அந்த வரியை எழுதலாம்.